வடக்குத்து மாடியில் என் லோரிகள்

கிள்ளானில் என் யார்டுக்கு வந்து போனவர்களுக்குத் தெரியும், நான் எதையும் கண்ணால் பார்க்காமல் வாங்குகிறவன் அல்ல. முதல் லோரியை வாங்கியபோது அதன் அடியில் படுத்து ஊர்ந்து பார்த்துவிட்டுத்தான் கைநாட்டு வைக்காத குறையாகக் கையெழுத்துப் போட்டேன். நான்காம் வகுப்போடு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை விட்டவன். லோரிக்குப் பின்னால் தொற்றிக்கொண்டு, டிரைவருக்கு எடுபிடியாகப் போனவன். இன்றைக்குத் துறைமுகச் சாலையோரம் ஒரு கோப்பி குடிக்க உட்காருங்கள். கோப்பி ஆறுவதற்குள் என் பெயர் எழுதிய லோரி ஒன்று உங்களைத் தாண்டிப் போகும். அப்படிப்பட்டவனிடம், கண்ணால் பார்க்க முடியாத ஒரு சாமானை, அதுவும் உலகத்துக்கே சும்மா கொடுக்கிற சாமானை நம்பு என்றால் சும்மா இருப்பேனா? விமானம் ஏறிவிட்டேன்.

விஷயம் இதுதான். அடுத்த மாதம் முதல் எங்கள் துறைமுகத்தில், எந்த லோரி கம்பெனியின் கம்ப்யூட்டர் துறைமுகக் கம்ப்யூட்டரோடு நேராகப் பேசுகிறதோ அந்தக் கம்பெனி லோரிக்குத்தான் கேட் திறக்கும். பேசாத கம்பெனி லோரி வெளியே நிற்க வேண்டியதுதான். என் பழைய புரோகிராம் அந்தக் காலத்து ஆள், அதற்கு இந்தப் பேச்செல்லாம் வராது. புதிதாகச் செய்து முடித்து, ஞாயிற்றுக்கிழமை ஒரு முழு ஒத்திகை காட்ட வேண்டும். அதில் தவறினால் மாதம் பிறப்பதற்குள் வேறு நாள் தரமாட்டோம் என்று துறைமுகத்தில் சொல்லிவிட்டார்கள்.

கம்பெனிக் கணக்கு வழக்கைப் பார்க்கிற என் மகன் கணேசன், கோலாலம்பூரில் பெரிய பெயருள்ள ஆட்களிடம் கொடுக்கலாம் என்றான். நான் தமிழரசியிடம் கொடுத்தேன். இந்தப் பெண் முன்பு கோலாலம்பூரில் வேலை பார்த்தபோது எங்கள் பழைய புரோகிராமைச் சரிபண்ண வந்தவள். மற்றவர்கள் ஏசி அறையைத் தேடிப் போவார்கள். இவள் நேராக லோரி கேபினில் ஏறி, "அண்ணே, கேட்டுல உங்களை என்னென்ன கேப்பாங்க?" என்று டிரைவரிடம் கேட்டாள். அன்றைக்கே மனதில் குறித்துக்கொண்டேன். இப்போது அவள் சொந்த ஊரான நெய்வேலிப் பக்கம் திரும்பி, நாலு பேரை வைத்துத் தொழில் செய்கிறாள்.

"அவங்க போடுறது ஓப்பன் சோர்ஸ் சர்வர்பா. ஓனரே கிடையாது. நாளைக்கு ஒண்ணுன்னா யாரைப் போய்ப் பிடிப்பீங்க?" என்றான் கணேசன். நியாயமான கேள்விதான். பிடிக்க ஆள் இருக்கிறதா என்று பார்க்கத்தான் புறப்பட்டேன்.

சென்னையிலிருந்து கார் அனுப்புவதாகத் தமிழரசி சொன்னாள். வேண்டாம் என்றேன். ஒரு ஊரின் ரோட்டைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் பஸ்ஸில் போக வேண்டும். பண்ருட்டி வரைக்கும் நன்றாகத்தான் வந்தோம். பண்ருட்டியில் பலாப்பழம் ஏறியது. பழத்தோடு ஒரு அம்மாளும் ஏறினார்கள். "கொஞ்சம் தள்ளி உக்காருங்க, பழம் நசுங்கிகினு இருக்குது" என்று என்னைச் சன்னலோடு ஒட்டவைத்தார்கள். அதற்குப் பிறகு ரோடு என்று ஒன்று இல்லை. அகலப்படுத்துகிறோம் என்று தோண்டிப் போட்ட பள்ளம் மட்டும்தான். ஒரு பள்ளத்தில் பஸ் விழுந்து எழுந்தபோது அடியில் 'டங்' என்று ஒரு சத்தம்.

எனக்கு அந்தச் சத்தம் தெரியும். டிரைவர் இறங்குவதற்கு முன்னால் நான் இறங்கிவிட்டேன். குனிந்து பார்த்து, "தம்பி, ஸ்பிரிங் பட்டை உடைந்துவிட்டது. மேலே ஓட்டாதே" என்றேன்.

"பெருசு, நீ யாரு, டிப்போ ஆளா?"

"இல்லை, லோரிக்காரன்."

"அப்ப சரி. அந்த டார்ச்சைப் புடி."

வெள்ளைச் சட்டையோடு பிடித்தேன். பட்டை உடைந்துதான் இருந்தது. இந்த வயதிலும் காது ஏமாற்றவில்லை என்று அங்கேயே நாலு பேரிடம் சொல்லிக்கொண்டேன். அடுத்த பஸ் வந்து எங்களை அள்ளிக்கொண்டு போகும் வரைக்கும், அந்தப் பலாப்பழத்து அம்மாள் சுளை அறுத்து எல்லாருக்கும் கொடுத்துவிட்டார்கள். சந்தைக்குப் போன பழம் சாலையிலேயே தீர்ந்தது. எங்கள் ஊர்ப் பலாவான நங்காவை உயர்த்திப் பேசிக்கொண்டிருந்த என் வாயை அந்தச் சுளை அடைத்துவிட்டது.

மறுநாள் காலையில் தமிழரசி தன் ஸ்கூட்டரில் டவுன்ஷிப்பைச் சுற்றிக் காட்டினாள். பெட்டி பெட்டியாகப் பிளாக்குகள், நேர் நேராக ரோடு, மேலே மரங்கள் கைகோத்து நிற்கின்றன. எங்கள் பக்கத்து ஆங்கிலேயர் காலத்து எஸ்டேட் பங்களா ரோடுகூட இவ்வளவு நேராக இருக்காது. ஆனால் ஆர்ச்சைத் தாண்டி வெளியே வந்தால் வடக்குத்து என்கிற ஊர் வேறு உலகம். முந்திரித் தோப்பு, சுரங்கத்து கான்ட்ராக்ட் ஆட்கள் குடியிருக்கும் வீடுகள், செங்கல் தெரியும் புது மாடிகள். அப்படி ஒரு மாடியில்தான் அவள் அலுவலகம். கீழே அவளுடைய அப்பா வேலாயுதமும் அம்மாவும் இருக்கிறார்கள். வேலாயுதம் சுரங்கத்தில் சக்கரத்தில் வாளி கட்டி மண்ணை வெட்டுகிற ராட்சத இயந்திரத்தை ஓட்டியவர். ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, இங்கே வீடு கட்டிக்கொண்டவர்.

நான் மாடி ஏறி உட்கார்ந்ததும் கரண்டு போய்விட்டது. தமிழ்நாட்டுக்கே கரண்டு எடுக்கிற ஊர் பக்கத்தில் இருக்கிறது, இங்கே விளக்கு இல்லை. நான் சிரித்தேன். "சிரிக்காதீங்கய்யா, பேட்டரி இருக்குது" என்றான் இளங்கோ. அவன்தான் அவளுக்கு வலது கை. ஒரு கம்ப்யூட்டரும் அணையவில்லை என்பதைப் பார்த்துவிட்டுத்தான் சிரிப்பை நிறுத்தினேன்.

"சரிம்மா. அந்தச் சர்வர் எங்கே? காட்டு" என்றேன் தமிழரசியிடம்.

"அது மெஷின் இல்லைங்கய்யா, அதுவும் ஒரு புரோகிராம்தான். உங்க யார்டுல லோரி மட்டும் இருந்தா போதுமா? கேட் வேணும், வாட்ச்மேன் வேணும், டீசல் பம்ப் வேணும், எந்த டிரைவர் எந்த லோரின்னு முறை போடணும். இதையெல்லாம் ஒவ்வொரு லோரிக்கும் தனித்தனியா கட்டுவீங்களா?"

"பைத்தியக்காரன்தான் கட்டுவான்."

"நாங்க எழுதுறது லோரி. அப்ளிகேஷன் சர்வருங்கிறது யார்டு. யாரு உள்ள வரலாம், எத்தனை பேரு ஒரே நேரத்துல வரலாம், யாரு வேலை பாதியில நிக்குது, எல்லாத்தையும் அது பாத்துக்கும்."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இத்தனை வருடம் இந்தக் கம்ப்யூட்டர்காரர்கள் என் எதிரில் உட்கார்ந்து புரியாத சொற்களைக் கொட்டியிருக்கிறார்கள். ஒருத்தனாவது யார்டு என்று சொல்லியிருந்தால் நானே செய்திருப்பேன்!

"சரி, யார்டு யாருக்குச் சொந்தம்?"

"ஊரே சேந்து கட்டுன யார்டுங்கய்யா. பிளான் செவுத்துலயே ஒட்டியிருக்குது. யாரு வேணா படிக்கலாம், உடைஞ்சா யாரு வேணா சரிபண்ணலாம். சரிபண்ணதை எல்லாருக்கும் குடுப்பாங்க."

"உடைந்தால் நான் யாரைத் திட்டுவது?"

"என்னைத் திட்டுங்க" என்றாள்.

பகல் இரண்டு மணிக்கு ஒரு வேடிக்கை பார்த்தேன். ஒன்று படுத்தால் மற்றது தாங்கட்டும் என்று புதுசில் இரண்டு சர்வர் வைத்திருக்கிறார்கள். அவற்றைக் கண்காணிக்கிற திரைக்கு முன்னால் இளங்கோ உட்கார்ந்திருந்தான். தமிழரசி வந்து அவன் பக்கத்தில் நின்றாள். அவன் எழுந்திருக்கவில்லை. திரையைப் பார்த்து உரக்க வாசித்தான்: "ரெண்டு சர்வரும் ஓடுது. மெமரி நார்மல். போர்ட் லைன் ஒரு தடவ விட்டு வந்துச்சு, இப்ப இருக்குது. எடுத்துகினியாக்கா?" அவள் குனிந்து ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு, "எடுத்துகினேன்" என்றாள். அப்புறம்தான் அவன் நாற்காலியை விட்டு எழுந்தான்.

இது என்ன பூசை என்று மதியச் சாப்பாட்டில் கேட்டேன். பச்சை முந்திரிக் குழம்பும் கருவாட்டு வறுவலும் போட்டிருந்தார்கள். கோலாலம்பூர் ஐந்து நட்சத்திர ஓட்டலில் சாப்பிட்டவன் சொல்கிறேன், அந்தக் குழம்புக்கு முன்னால் எதுவும் நிற்காது. வேலாயுதம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "மைன்ஸ் பழக்கம்ங்க. ரிலீவர், அதான் அடுத்த ஷிப்ட் ஆளு, வராம மெஷினை விட்டு எறங்கக் கூடாது. வந்தவன் வாயால எடுத்துகினேன்னு சொல்லணும். ஒரு தடவ எனக்கு ரிலீவர் வர்ற பஸ்சு பஞ்சர். அங்க எம் மச்சான் கல்யாணம், நான் இங்க மெஷின் மேல உக்காந்துகினு இருக்கிறேன்."

"தாலி கட்டி, பந்தியும் முடிஞ்சி, எலையும் எடுத்தாச்சி. அப்பதான் வந்து நின்னாரு" என்றார் அவர் மனைவி, எனக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டே. "இன்னைக்கி வரைக்கும் எங்க அண்ணன் மூஞ்சி குடுத்துப் பேசுறதில்ல."

இளங்கோவின் அப்பாவும் சுரங்கத்து ஆள்தானாம். இந்தப் பிள்ளைகளுக்கு ஷிப்ட் மாற்றுவது சாப்பிட்டுக் கை கழுவுகிற மாதிரி.

சனிக்கிழமை பொய் லோரிகளை வைத்து ஒத்திகைக்கு ஒத்திகை. அதாவது, கம்ப்யூட்டருக்குள்ளேயே லோரி வருகிற மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புகிறார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும் அனுப்பு, மழை நாள் மாதிரி நெரிசலாக அனுப்பு" என்று விரட்டினேன். நெரிசல் கூடியதும் சர்வர் அப்படியே உறைந்து நின்றது. கணேசன் சொன்னது நடந்துவிட்டதோ?

இளங்கோ பதறவில்லை. சர்வரின் உள் எழுத்தையே திறந்து வைத்துக்கொண்டு படித்தான். லோரி என்ஜினைக் கழற்றித் தார்ப்பாயில் பரப்பி வைத்த மாதிரி இருந்தது. துறைமுகத்திலிருந்து பதில் தாமதமாக வந்தால், அதற்காகப் பிடித்து வைத்த லைனை விடாமலே வைத்துக்கொள்கிறது என்று கண்டுபிடித்தான். லைன் எல்லாம் அப்படியே பிடிபட்டுப் போனால் புதிதாக வருகிறவனுக்கு லைன் ஏது? இதே தொல்லை வேறு யாருக்காவது வந்திருக்கிறதா என்று அந்தச் சர்வர்காரர்கள் இன்டர்நெட்டில் கூடிப் பேசுகிற இடத்தில் கேட்டு எழுதினான். நாங்கள் போண்டாவும் டீயும் முடிப்பதற்குள் பிரேசிலிலிருந்து ஒருவர் பதில் போட்டிருந்தார். தமிழரசி அதைத் தமிழில் வாசித்துக் காட்டினாள்: "நண்பரே, போன வருடம் இதே கல் என் காலிலும் இடித்தது. நான் இப்படிச் சரிசெய்தேன். முயன்று பார்த்துச் சொல்லுங்கள். உங்கள் லாரிகளுக்கு என் வாழ்த்து."

பிரேசில்காரனுக்கு நான் யார்? என் லோரியை அவன் கனவிலாவது கண்டிருப்பானா? காசு கொடுத்து வாங்கிய லோரிக்கே கம்பெனிக்காரன் திங்கட்கிழமை வாருங்கள் என்பான். நான் சந்தோஷத்தில் எழுந்து நின்றுவிட்டேன். அவன் சொன்னபடி மாற்றினார்கள். மறுபடியும் நெரிசலை அனுப்பினோம். சர்வர் அசையவில்லை. "அவருக்கு நான் நன்றி சொன்னதாக எழுது. கிள்ளான் வந்தால் என் வீட்டில்தான் சாப்பாடு என்றும் எழுது" என்றேன். இளங்கோ எழுதினான்.

ஞாயிற்றுக்கிழமை நிஜ லோரிகளை வைத்தே ஒத்திகை. கோலாலம்பூர்ப் பெரிய கம்பெனிக்காரர்கள், புதுசுக்கு மாற அரை நாள் லோரியை நிறுத்துங்கள் என்று சொல்லியிருந்தார்கள். தமிழரசி ஒரு லோரியும் நிற்க வேண்டாம் என்றாள். புதிதாகக் கேட்டுக்கு வருகிற லோரியைப் புதுச் சர்வர் வாங்கிக்கொள்ளும். ஏற்கெனவே உள்ளே போய் வேலை பாதியில் இருக்கிற லோரியைப் பழையதே பார்த்து வெளியே அனுப்பிவிட்டு ஓயும். ஷிப்ட் மாற்றுகிற அதே முறை. எங்கள் ஊர் நேரம் நாலரைக்குள் பழைய பக்கம் காலியாகி, முழுக்கப் புதுசு என்று துறைமுகத்துக்குச் சொல்ல வேண்டும். அது இங்கே பகல் இரண்டு மணி.

மாற்றம் ஆரம்பித்ததும் என் டிரைவர் மணியம் போனில் கத்தினான்: "பாஸ், நான் கண்ணாடியை இறக்கறதுக்குள்ள கேட் திறந்துட்டான்!" அடுத்தவனும் அதையே சொன்னான். அதற்கடுத்தவனும். திரையில் புதிய பக்கம் எண் ஏறிக்கொண்டே போகிறது, பழைய பக்கம் குறைந்துகொண்டே வருகிறது. எனக்கு உட்கார முடியவில்லை. மாடியில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். நான் செய்த எந்த வியாபாரத்திலும் இப்படி நெஞ்சு துள்ளியதில்லை.

பழைய பக்கம் ஒன்றில் வந்து நின்றது. நின்றது நின்றபடி இருந்தது.

சுப்பையாவின் லோரி. உள்ளே போனவன் வெளியே வரவில்லை. கேட்டுக்குள் போன் எடுக்கக் கூடாது என்பதால் அவனையும் பிடிக்க முடியவில்லை. துறைமுகத்தில் நின்றிருந்த கணேசனிடம் அதிகாரி மலாயில் பேசியது என் போனிலும் கேட்டது: "நேரம் முடிகிறது. ஒன்று பாக்கி இருந்தால் முழுமை என்று நான் எழுத முடியாது."

"அப்பா, அந்த ஒண்ணை வெட்டிவிடச் சொல்லுங்க!" என்று கணேசன் கத்தினான்.

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. ஒரு லோரிக்காக எல்லா லோரியையும் வெளியே நிற்க வைப்பேனா? "தமிழரசி, பழசை அணைத்துவிடு" என்றேன்.

"வேணாங்கய்யா."

"நான் சொல்கிறேன், அணை."

"மாட்டேங்கய்யா. அவரு வெளிய வர்ற சீட்டு பழசுலதான் போவணும். இப்ப அணைச்சா நம்ம பக்கம் மட்டும் சுத்தமாயிடும். போர்ட் கணக்குல சுப்பையா அண்ணன் உள்ளயே இருப்பாரு. கேட்டு அவருக்குத் திறக்காது. கண்டெய்னரோட மாட்டிக்குவாரு."

என் முன்னால் மாட்டேன் என்று சொன்ன ஆளை நான் வேலையில் வைத்ததில்லை. "இந்த வேலையே உனக்கு வேண்டாமா?" என்று கேட்டேன். என் குரல் கீழ் வீட்டுக்கே கேட்டிருக்கும்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் கை விசைப்பலகைக்குப் போகவில்லை. சாப்பாட்டுத் தூக்கோடு மாடி ஏறி வந்திருந்த வேலாயுதம் வாசலிலேயே நின்றார். மகளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "ஆளு மேல இருக்கான்ங்க" என்றார். "ஆளு மேல இருக்கறப்ப மெஷினை எப்படிங்க நிறுத்தறது?"

நான் எத்தனையோ டிரைவர்களை வைத்து வேலை வாங்கியவன். போனைக் காதுக்குக் கொண்டுபோனேன். போனில் கணேசன் "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். "பொறு" என்றேன். "அவன் வெளியே வரட்டும். அதிகாரி கேட்டால் நான் சொன்னதாகச் சொல்."

வெளியே இரண்டாம் ஷிப்டுக்கு ஆட்களை ஏற்றிப் போகிற பஸ் ஒன்று ஆரன் அடித்துக்கொண்டு போனது. அப்போது திரையில் அந்த ஒன்று பூஜ்யமாயிற்று.

இளங்கோ துள்ளி எழுந்தான். தமிழரசி மட்டும் நாற்காலியில் சாய்ந்து இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். கணேசன் அதிகாரியிடம் சொல்ல, அவர் "சரி, முழுமை" என்றது எனக்கும் கேட்டது. நாலரைக்கு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. சுங்கக்காரர்கள் கண்டெய்னரை எக்ஸ்ரே படம் எடுக்கப் பிடித்து நிறுத்தியிருந்தார்களாம். சுப்பையா போன் செய்து, "பாஸ், ஏதாவது பிரச்சினையா? இத்தனை தடவை கூப்பிட்டிருக்கீங்க?" என்றான். "சாப்பிட்டாயா என்று கேட்கத்தான்" என்றேன். வேலாயுதம் தூக்கைத் திறந்தார்.

ஆனால் கணேசன் விடவில்லை. சாயங்காலம் மறுபடி கூப்பிட்டான். "ஒத்திகை தேறிடுச்சு, சரி. தினம் தினம் யார் உட்கார்ந்து பார்ப்பாங்க? அவங்க அங்க தூங்கும்போது இங்க விடிஞ்சிடும். கோலாலம்பூர் ஆட்களை நான் இன்னும் வேண்டாம்னு சொல்லலை."

அதற்குப் பதிலைத் திங்கட்கிழமை காலையில் கொடுத்தேன். சென்னைக்குப் போகிற கார் வருவதற்கு முன்னால் மாடி ஏறி, "தம்பி, எழுந்திரு. நான் பார்க்கிறேன்" என்று இளங்கோவிடம் சொன்னேன். அவன் தமிழரசியைப் பார்த்தான். அவள் தலையாட்டினாள். ஆனாலும் அவன் எழுந்திருக்கவில்லை. ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டி வாசித்தான். பச்சை என்றால் நலம், மஞ்சள் என்றால் கூப்பிடு, சிவப்பு என்றால் கத்து. என் நான்காம் வகுப்புக்கு அது போதும். "எடுத்துகினீங்களாய்யா?" என்றான். "எடுத்துக்கொண்டேன்" என்றேன். அவன் எழுந்தான், நான் உட்கார்ந்தேன். என் லோரிகள் எல்லாம் அந்தத் திரையில் ஓடிக்கொண்டிருந்தன. முதல் லோரியின் ஸ்டீயரிங்கைப் பிடித்த நாளில் இருந்த அதே துள்ளல் என் உடம்பில்.

கார் வந்து கீழே ஆரன் அடித்தது.

"கிளம்புங்கய்யா, பண்ருட்டி ரோடு தெரியும்ல? பிளேனை விட்டுடுவீங்க" என்றாள் தமிழரசி. "நான் பாத்துக்குறேன்."

"நீ இல்லை" என்றேன். "கணேசன்தான் என் ரிலீவர்."

கணேசனைக் கூப்பிட்டேன். ஷா ஆலாம் பக்கம் டிராபிக் ஜேமில் மாட்டியிருந்தான். ஆபீசுக்குப் போய், தன் கம்ப்யூட்டரில் இதே திரையைத் திறந்துவிட்டுக் கூப்பிடு என்றேன். கீழே டிரைவர் விடாமல் ஆரன் அடித்தான். "யாருங்க அது, லக்கேஜு ஏறிடுச்சி, ஆளு ஏறல!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினான். வேலாயுதம் சன்னல் வழியாக எட்டி, "இருப்பா, டூட்டில இருக்காரு" என்று பதில் கொடுத்தார்.

கணேசன் கூப்பிட்டான். "திறந்துட்டேன்பா. சரி, பார்த்துக்கறேன். நீங்க முதல்ல கிளம்புங்க."

"திரையில் இருக்கிறதைப் படி."

"அப்பா..."

"படிடா."

பெருமூச்சு விட்டான். பிறகு படித்தான். இரண்டு சர்வரும் ஓடுகிறது, மெமரி பச்சை, போர்ட் லைன் இருக்கிறது, கேட்டுக்குள் இத்தனை லோரி, வெளியே இத்தனை. பாதியில் அவன் குரல் மாறியது. "அப்பா, எல்லாமே இதுல தெரியுது."

"தெரியும். எடுத்துக்கொண்டாயா?"

கீழே மறுபடி ஆரன். தமிழரசியும் இளங்கோவும் என் போனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"எடுத்துக்கிட்டேன்பா" என்றான் கணேசன்.

நாற்காலியை விட்டு எழுந்தேன்.